அக்கா பார்த்த பக்கம்

அக்கா தம்பியை நேராகப் பார்க்கவில்லை. அவன் காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்தாள். தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்கு வெளியே மேசையில் கொஞ்சம் ஊற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை நாம் போன வாரம் அந்த இடத்தில்தான் விட்டுவிட்டு எழுந்தோம்.

இந்தக் குடும்பத்தோடு இன்றுதான் பழக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

நாட்டின் விலைவாசி எண்ணைக் கணக்கிடும் அலுவலகம் அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. மாதம் ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, போன வருடத்தைவிட வாழ்க்கைச் செலவு எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று அவள் ஒரே ஒரு எண்ணைச் சொல்வாள். தம்பியை வீட்டில் சின்னவன் என்பார்கள். முப்பது வயது தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. ஒரு வங்கியில் அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கி விற்கும் டீலர் அவன். அக்கா சொல்லும் எண் அவன் பிழைப்பு. கீழ்வீட்டில் அக்காவும் அத்தானும், மாடியில் அவன். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து வங்கியில் சேர்ந்த அன்று சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது வரை எல்லாம் அக்காதான்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எண் தயாரான நாளிலிருந்து அதை வெளியே சொல்லும் வரை அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளக் கூடாது. சாப்பாடு ஒரே மேசையில்தான். பேச்சு மட்டும் கிடையாது.

"நான் ஒரு வார்த்தை சொன்னா நீ அதுல நூறு அர்த்தம் தேடுவே. சொல்லவே இல்லைன்னா தேடறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?" என்று அவள் என்றோ போட்ட சட்டம். அந்த நாட்களில் வாயை மூடிக்கொள்வாளே தவிர, தம்பியின் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பாள். எண் நல்லதாக இருந்தாலும் கெட்டதாக இருந்தாலும் அதே பார்வை. எத்தனையோ மாதம் அவன் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்து பார்த்தும் அந்தப் பார்வையிலிருந்து ஒரு புள்ளி கூடப் பெயர்க்க முடிந்ததில்லை. அக்காவின் பெருமைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

அப்படிப்பட்டவள் ஞாயிற்றுக்கிழமை பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கையும் தடுமாறியது.

சின்னவன் ஒரே முடிவுக்கு வந்தான். எண் படுமோசம். அக்காவாலேயே தாங்க முடியவில்லை.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். அதற்கப்புறம் திங்கட்கிழமை அவன் ஒரு காரியம் செய்தான். காரியம் என்று கூடச் சொல்ல முடியாது, ஒரு வாக்கியம் பேசினான். அவன் யாருடைய தம்பி என்பது வங்கிக்குத் தெரியும். அதனால் எண் வெளியாகும் வரை அவன் எதையும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று அங்கே கட்டுப்பாடு. கையைக் கட்டினார்கள், சரி. வாயை யார் கட்டினார்கள்?

"இந்த மாசம் பத்திரம் கொஞ்சம் கம்மியா வெச்சுக்கலாமே சார்."

கேட்டுக்கொண்டிருந்தவர் அவனுடைய தலைமை டீலர். டீலிங் அறையில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர். வானம் பளிச்சென்று இருந்தாலும் கையில் குடையோடுதான் வருவார். சந்தையிலும் அப்படியே. அவர் சின்னவன் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் கையிலிருந்த பத்திரங்களில் பாதியை விற்றுவிட்டார்.

ஒரு பெரிய வங்கி காரணம் சொல்லாமல் விற்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வங்கியில் யாருடைய தம்பி வேலை பார்க்கிறான் என்பது ஊருக்கே தெரியும். செவ்வாய்க்கிழமை எல்லோரும் விற்றார்கள். நம்முடையது போல இப்போதுதான் தலையெடுக்கும் நாட்டில் வெளிநாட்டுப் பணம் எப்போதும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி. ஒரு தட்டு விழும் சத்தம் கேட்டால் போதும், செருப்பைத் தேடும். டாலர் விலை ஏறியது. செவ்வாய்க்கிழமை மாலைச் செய்தியில், "எண் உள்ளேயிருந்து கசிந்துவிட்டதாகச் சந்தையில் பேச்சு அடிபடுகிறது" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சிரிக்கிற விஷயமா அது? கசிந்தது என்று ஒரு முறை பெயர் வந்துவிட்டால், அதன்பிறகு அக்கா சொல்லும் எந்த எண்ணையும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். இத்தனை வருட உழைப்பும் ஒரே நாளில் பாழ்.

புதன்கிழமை விடிந்தது.

"உங்க அக்கா கேக்கறா, மாடித் தண்ணிக் குழாயை மூடினியான்னு."

சொன்னவர் அத்தான். பல் டாக்டர். பேச்சில்லாத நாட்களில் அந்த வீட்டின் தபால் இலாகா அவர்தான்.

"மூடிட்டேன்னு சொல்லுங்க அத்தான்."

அக்கா மூன்றடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். அத்தான் அவள் பக்கம் திரும்பி, "மூடிட்டானாம்" என்றார். பிறகு பெருமூச்சு விட்டார். "ஊர்ல இருக்கிற அத்தனை பேர் வாயையும் திறக்க வைக்கிறேன். இந்த வீட்டுல ரெண்டு வாயை என்னால திறக்க முடியல. படிச்ச படிப்பே தண்டம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சின்னவனுக்கும் வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பிலும் அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். போதாததற்கு வாசலில் இன்னொன்று நடந்தது. அக்கா எப்போதும் தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறவள். அத்தானையே நம்பிச் சாவியைக் கொடுக்க மாட்டாள். இரண்டு நாளாகச் சின்னவன் அவளுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தான்; இன்றுதான் பார்த்தான், அவள் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தான் ஓட்டினார்.

கார் ஓட்டக் கூட முடியாத அளவுக்கா எண் அவளை ஆட்டி வைக்கிறது என்று சின்னவன் நினைத்தான். ஏழா? ஏழரையா? அவன் மனதில் எண்கள்தான் ஓடின. அக்கா அங்கே இல்லை. இதை நான் அவன் மேல் வைக்கும் குற்றமாகவே சொல்கிறேன்.

வங்கியின் டீலிங் அறையில் புதன்கிழமை பத்தே முக்காலுக்கு ஒரு தனி மௌனம் இருக்கும். மற்ற நாளில் காட்டுக் கத்தல் கத்துகிறவர்கள் எல்லாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். அந்த மௌனம் எனக்குப் பிடிக்கும். பரீட்சைக் கூடத்தில் தாள் வருவதற்கு முன்னால் இருக்கும் மௌனம் அது.

ஒரு விஷயம் வாசகர்கள் தெரிந்துகொண்டால் கதைக்கு நல்லது. சந்தை எண்ணைக் கேட்டு ஆடுவதில்லை. எதிர்பார்த்ததற்கும் வந்ததற்கும் உள்ள இடைவெளியைக் கேட்டுத்தான் ஆடுகிறது. விலைவாசி பத்து சதவீதம் ஏறும் என்று எல்லோரும் நினைத்து, பத்தே வந்தால் ஒரு இலை அசையாது. மூன்று என்று நினைத்த இடத்தில் மூன்றரை வந்தால் போதும், அமளிதான். விலைவாசி ஏறினால் மத்திய வங்கி வட்டியை உயர்த்தும். வட்டி உயர்ந்தால் அதிக வட்டி தரும் புதுப் பத்திரம் வரும், பழைய பத்திரத்தைச் சீந்துவாரில்லை. அதனால் நல்ல டீலர் எண்ணை ஊகிப்பதில்லை, மற்றவர்கள் என்ன ஊகித்திருக்கிறார்கள் என்பதை ஊகிப்பான்.

இந்த மாதம் பொருளாதார நிபுணர்கள் சொல்லியிருந்தது ஆறு புள்ளி ஒன்று. இரண்டு நாள் வதந்திக்குப் பிறகு சந்தை பயந்துகொண்டிருந்தது ஏழுக்கு மேல்.

"என்னடா, மூஞ்சியெல்லாம் வேர்க்குது?" என்றார் குடைக்காரர்.

"ஒண்ணும் இல்ல சார்."

"தண்ணி குடி. எண்ணு வரும்போது மயக்கம் போட்டு விழுந்தா யாரும் தூக்க மாட்டாங்க. எல்லாரும் பிஸியா இருப்போம்."

சின்னவன் தண்ணீர் குடித்தான். எண் மோசமாக வந்தால் அவன் இந்த அறையின் ராஜா. அதுதான் அவனுக்கு முதலில் தோன்றியது. அக்காவின் முகத்தைத் திருடி விற்றுவிட்டோமே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. உறைத்தது என்பதற்காகவாவது அவனை மன்னிக்கலாமா என்று பார்க்கிறேன்.

அதே நேரம், நான்கு தெரு தள்ளி, அக்காவின் அலுவலகத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது.

உள்ளே நிருபர்கள். எல்லோருடைய போனும் வெளியே மரப்பெட்டியில். அறைக்கு ஜன்னல் கிடையாது. பதினொன்று அடிக்கும் வரை உள்ளே போனவர் வெளியே வர முடியாது, தும்மல் வந்தாலும் அங்கேயேதான் தும்ம வேண்டும். எண்ணை அவர்களுக்குக் கொஞ்சம் முன்னதாகவே சொல்வார்கள். எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்து, மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். ஒருத்தருக்கு ஒரு நொடி முன்னால் போகக் கூடாது. பணக்காரனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே நொடியில் கிடைக்கிற பொருள் உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த எண் வருகிற வழியும் லேசுப்பட்டதில்லை. மாதம் முழுவதும் விலை எடுப்பவர்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அதே கடை, அதே பொருள், அதே அளவு. முட்டை, சோப்பு, பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை, முடிவெட்டும் கூலி. போன வருடம் ஒரு சோப்புக் கம்பெனி விலையை ஏற்றாமல் கட்டியை மட்டும் இளைக்க வைத்தது. பழைய கட்டியையும் புதுக் கட்டியையும் தராசில் வைத்து அதைக் கண்டுபிடித்தது அக்கா. அவளைப் பொறுத்தவரை சோப்பு இளைத்தாலும் விலைவாசி ஏறியதுதான்.

எண்ணை எப்போதும் அக்காவே படிப்பாள். இன்று தாளை எடுத்தாள், கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்ற துணை அதிகாரியிடம் நீட்டினாள்.

"நீங்க படிங்க."

அவர் திகைத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, "மேடம், உங்களுக்கு மனப்பாடமாவே தெரியுமே" என்றார்.

"மனப்பாடமா சொல்றது என் ஞாபகம். எண்ணு தாள்லதான் இருக்கு. தாளைப் பார்த்துப் படிக்கிறவங்கதான் சொல்லணும். என்னால அந்தத் தாளைப் படிக்க முடியல."

அவள் இரண்டு கண்களின் நடுவிலும் மூன்று வாரமாக ஒரு சாம்பல் வட்டம் வளர்ந்து வருகிறது; போன சனிக்கிழமையோடு நடுவை முழுக்க மூடிவிட்டது. எதை நேராகப் பார்க்கிறாளோ அது மட்டும் அந்த வட்டத்துக்குள் போய் மறைந்துவிடும். சுற்றி இருப்பதெல்லாம் ஓரளவு தெரியும். ஆறா எட்டா என்று கேட்டால் தெரியாது. கண் டாக்டர் உடனே ஓய்வெடுக்கச் சொன்னார். எண்ணைப் பாதியில் விட்டுவிட்டு வர மாட்டேன் என்று அவள் சொன்னாள். ஆனால் தன் கண்ணை நம்பி ஒரு இலக்கத்தைக் கூட அவள் விடவில்லை. இந்த மாதக் கணக்கு முழுவதையும் இரண்டிரண்டு பேரை உட்கார வைத்து, ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் சரிபார்க்க, அவள் காதால் கேட்டே முடித்தாள். கேட்டுக்கொண்டே இரண்டு தவறு பிடித்தாளாம். கண் தெரிகிற நாம் ஒரு மளிகை ரசீதைச் சரிபார்ப்பதில்லை.

துணை அதிகாரி தாளைப் பார்த்தார். படித்தார். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேர் தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார்கள். அவள் சுவர்க்கடிகாரத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

பதினொன்று.

"ஆறு புள்ளி ஒண்ணு!" என்று டீலிங் அறையில் யாரோ கத்தினார்கள்.

ஆறு புள்ளி ஒன்று. எதிர்பார்த்த அதே எண். நூலிழை கூடப் பிசகவில்லை.

அடுத்த நொடி எல்லா போன்களும் ஒன்றாக அலறின. ஏழுக்குப் பயந்து விற்றவர்கள் எல்லாம் இப்போது திரும்ப வாங்கத் துடித்தார்கள். பத்திர விலை ஏறியது. டாலர் இறங்கியது. செருப்பைத் தேடிய விருந்தாளி மறுபடி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வதந்தி அந்த நிமிடமே செத்தது. கசிந்திருந்தால் ஆறு புள்ளி ஒன்று என்றல்லவா கசிந்திருக்க வேண்டும்?

குடைக்காரர் திட்டவில்லை. விற்றதை எல்லாம் அதிக விலைக்கு நிதானமாக வாங்கி முடித்தார். அரை மணி நேரம் அவர் விரல்கள் ஒரு தவறு செய்யவில்லை, குரல் உயரவில்லை. முடித்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"நஷ்டம் வங்கியோடது. அது தாங்கும். நான் கேக்கறது வேற. திங்கட்கிழமை எதை வெச்சுச் சொன்னே?"

சின்னவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்ல வேண்டாம்னா சொல்லாதே. ஆனா நாளைக்கு என்னை யாராவது கேட்டா நான் உன் பேரைச் சொல்லுவேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்ல, இந்த வயசுல கத்துக்கவும் முடியாது."

சின்னவன் தலையாட்டினான். ஆனால் அவன் காதில் அது பாதிதான் விழுந்தது. அவனுக்குள் வேறு ஒன்று மெல்ல எழுந்து நின்றது. எண் சாதாரண எண். பயப்பட எதுவுமே இல்லாத எண். அப்படியென்றால் அக்கா எதற்காகப் பார்வையைத் திருப்பினாள்? எதற்காகத் தண்ணீரைச் சிந்தினாள்? எதற்காகக் கார் சாவியை அத்தானிடம் கொடுத்தாள்?

மூன்று நாளாக அவன் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை கூட 'அக்காவுக்கு என்ன?' என்று அவனுக்குத் தோன்றவில்லை. அத்தானுக்குப் போன் போட்டான்.

"அத்தான், அக்காவுக்கு என்ன?"

பின்னால் பல் குடையும் யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் அதை நிறுத்தினார்.

"வாயைத் திறந்தபடியே இருங்க சார், ஒரு நிமிஷம்... சின்னவனே, நான் தபால்காரன். கொண்டு வந்து கொடுப்பேன், பிரிச்சுப் படிச்சுக் காட்ட மாட்டேன். எண்ணுதான் வந்தாச்சே? இனிமே நீயே போய்ப் பேசலாம். அவ அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா."

"பெரிசா ஏதாவது அத்தான்?"

"ஓடு."

எப்போதும் கிண்டலாகப் பேசுகிறவர் ஒற்றைச் சொல்லில் நிறுத்தினால் யாருக்கும் பயம் வரும். சின்னவன் கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடினான். நகல் எடுக்கும் கடைகள், சாவி வெட்டுகிறவர், வங்கி வாசல்களில் சிகரெட் பிடித்தபடி ஆறு புள்ளி ஒன்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், எல்லோரையும் இடித்துக்கொண்டு ஓடினான்.

அக்காவின் அறையில் அலமாரி நிறையச் சோப்புக் கட்டிகள், பிஸ்கட் பொட்டலங்கள், பற்பசைகள். மேசையில் தராசு. பக்கத்தில் பழைய கறுப்பு டெலிபோன். அக்கா நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவன் காலடிச் சத்தத்தைக் கேட்டதுமே, "ஓடி வந்தியா? மூச்சு வாங்குது" என்றாள்.

மூன்று நாளுக்குப் பிறகு அவன் கேட்கும் அவள் குரல்.

"ஏன்க்கா என்னைப் பார்க்கவே மாட்டேங்கறே?"

அவள் முகத்தை மெல்லத் திருப்பினாள். அவன் காதுக்குப் பக்கத்தில், அதே இடத்தில், பார்வையை நிறுத்தினாள்.

"உன்னைப் பார்க்கறதுக்குத்தான்டா அந்தப் பக்கம் பார்க்கறேன். நேரா பார்த்தா உன் முகம் இருக்கிற இடத்துல ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் தள்ளிப் பார்த்தா ஓரத்துல தெரியறே. ஞாயித்துக்கிழமை சாப்பிடும்போது முழுக்க அப்படித்தான் உன்னைப் பார்த்துக்கிட்டிருந்தேன். இளைச்சுப் போன மாதிரி இருக்கே."

சின்னவன் அவளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் டாக்டர் சொன்னது, சாம்பல் வட்டம், வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கப் போகும் சிகிச்சை, எல்லாவற்றையும் அவள் அலுவலகக் குறிப்பு மாதிரி வரிசையாகச் சொன்னாள். பார்வை முழுசாகத் திரும்புமா என்பதை டாக்டரும் சொல்லவில்லை என்றாள். அழுதது அவன்தான்.

"சரி, போதும். மூக்கைத் துடை. எனக்கு என் நிமிஷத்தைச் சொல்லு."

அது அவர்களுக்குள் இருக்கும் வழக்கம். எண்ணை உண்டாக்குகிறவள் அவள். அது சந்தையில் போய் விழுந்த அந்த முதல் நிமிடத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, பூட்டிய அறைக்குள் இருப்பாள். ஒவ்வொரு மாதமும் தம்பிதான் அதை அவளுக்குச் சொல்வான். அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிய சம்பளம் அது.

அவன் சொன்னான். மௌனத்தைச் சொன்னான், யாரோ கத்தியதைச் சொன்னான், போன்கள் அலறியதைச் சொன்னான். "யாருமே சந்தேகப்படலக்கா. அத்தனை பேரும் ரெண்டு நாளா பயந்து செத்தாங்க. உன் எண்ணு வந்த அடுத்த நொடி, அப்படியே நம்பிட்டாங்க. எங்க ஆளுங்க சாமியைக் கூட அப்படி நம்ப மாட்டாங்க."

அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காக அவன் இன்னும் பத்து நிமிடம் பேசியிருப்பான்.

"வதந்தின்னு சொன்னாங்களே," என்றாள் அவள். "எங்கேயிருந்துடா கிளம்பிச்சு அது? கேள்விப்பட்டியா?"

சின்னவன் அவளைப் பார்த்தான். இத்தனை வருடம் அவன் முகத்தைப் பார்த்தே பொய்யைப் பிடித்தவள் அவள். பரீட்சையில் தோற்றது, சைக்கிளை உடைத்தது, எதையும் அவனால் அவளிடம் மறைக்க முடிந்ததில்லை. இன்று அவளுக்கு அவன் முகம் தெளிவாகத் தெரியாது. தெரியலக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கதை அங்கேயே முடிந்துவிடும்.

"நம்ம வீட்டுலேயிருந்து."

"என்னது?"

"நம்ம சாப்பாட்டு மேசையிலேயிருந்துக்கா. நீ என்னைப் பார்க்கலைன்னு எண்ணு மோசம்னு நெனச்சேன். திங்கட்கிழமை ஆபீஸ்ல, கம்மியா வெச்சுக்கலாம்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் வித்தாரு. அதைப் பார்த்து எல்லாரும் வித்தாங்க."

அக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கை அவன் கைக்குள் அசையாமல் கிடந்தது.

"நான் வாயை மட்டும்தான் பூட்டினேன். கண்ணை மறந்துட்டேன்" என்றாள்.

"உன் மேல என்னக்கா தப்பு?"

"இருக்கு. கண்ணு போன அன்னிக்கே மேலிடத்துல சொல்லியிருக்கணும். இந்த மாசத்தை முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். அது என் தப்பு. நீ செஞ்சது உன் தப்பு. ரெண்டும் ஒரே வீட்டுத் தப்பு. இப்பவே சொல்லியாகணும்."

"வேலை போயிடுமாக்கா?"

"யாருது? உன்னுதா, என்னுதா?"

அவள் கை மேசையில் தடவி டெலிபோனைக் கண்டுபிடித்தது. ரிசீவரை எடுத்தாள். விரலைப் பொத்தான்கள் மேல் வைத்தாள். நடுவில் எந்தப் பொத்தான் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை ரிசீவரோடு அப்படியே தம்பி பக்கம் நகர்த்தினாள்.

"எங்க மேலிடத்து இயக்குநரோட நம்பர் கண்ணாடிக்கு அடியில எழுதி வெச்சிருக்கேன். போட்டுக் கொடு."

தன்னைப் பற்றிப் புகார் சொல்லப் போகும் போனைத் தானே போட வேண்டும். சின்னவன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த எண்ணைப் பார்த்தான். அக்காவின் கையெழுத்து, கண் நன்றாக இருந்த நாளில் எழுதியது, மணி மணியாக இருந்தது. ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தினால் இன்று ஒரு நாள் தப்பித்துவிடலாம்.

அவன் முதல் இலக்கத்தை அழுத்தினான். அழுத்தியதைச் சத்தமாகவும் சொன்னான். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டாள். இரண்டாவதைச் சொன்னான், மூன்றாவதைச் சொன்னான். ஒவ்வொன்றுக்கும் அவள் தலை லேசாக அசைந்தது, மாதம் முழுவதும் சரிபார்த்த அதே மாதிரி.

கடைசி இலக்கத்தையும் படித்துவிட்டு ரிசீவரை அவள் கையில் வைத்தான். மறுமுனையில் மணி அடித்தது. அக்கா அவன் காதுக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.